அறுபத்தொன்றாவது நாற்காலி

பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, பருத்திக்குளம் மங்களவிலாஸ் கல்யாண மண்டபத்தின் மேடைமேல், பந்தல்கடை அந்தோணிசாமியின் நீலநிறப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் அறுபத்தொன்று எடை கூடிப்போயின. எந்த அளவுக்குக் கூடினவென்றால், நான்கு ஆள்கள் நான்கு காலைப் பிடித்துத் தம் கட்டித் தூக்கியும் அவற்றுள் ஒன்றுகூடத் தரையை விட்டு ஒரு நெல்மணி உயரம் எழவில்லை. அதே லாரியில் அவற்றோடு வந்திறங்கிய மற்ற நூற்றுப்பன்னிரண்டு நாற்காலிகளும் எப்போதும்போல இரண்டரைக் கிலோவாகவே இருந்தன. பட்டுப்பாவாடைச் சிறுமிகள் அவற்றை ஒற்றைக் கையால் இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.

அன்று தராசுக்காரர் வகையறாவின் கூட்டம். ஐந்து தலைமுறைக்கு முன் பருத்திச் சந்தையில் தராசு பிடித்த வெள்ளையப்பரின் வழிவந்தவர்கள் அவர்கள். வெள்ளையப்பர் பிடித்த தராசு யார் பக்கமும் சாயாது என்று விற்றவரும் வாங்கியவரும் ஒருசேரச் சொன்னதாகப் பெருமை. ‘எங்கள் தராசு பொய் சொல்லாது’ என்று பேனரின் உச்சியில் அச்சிட்டுத் தொங்கவிடுவார்கள். மூன்றாண்டுக்கு ஒருமுறை உத்திரத்தன்று சாஸ்தாவுக்குப் பொங்கலிட்டுவிட்டு, மறுநாள் மண்டபத்தில் கூடி, தலைமுறை வரிசையான கொடிவழியை வாசிப்பது வழக்கம். வாசிப்பு தலைக்கட்டுக் கணக்கில் நடக்கும். மணமான ஆண் ஒரு தலைக்கட்டு. கணவனை இழந்தவள் அரைத் தலைக்கட்டு. ஆகவே இரண்டு அரைகளுக்கும் சேர்த்து ஒரு நாற்காலி, ஒருத்தி உட்கார்ந்தால் மற்றவள் நிற்பாள், கால் கடுத்தால் மாறிக்கொள்வார்கள். பிறந்த பெண், வாழவந்த பெண், வாழாத பெண் ஆகியோர் கணக்கிலேயே வருவதில்லை. அவர்களுக்குப் பின்னால் ஜமுக்காளம் விரித்திருக்கும்.

அந்த ஆண்டு வகையறாத் தலைவர் உலகநாதன், வாசித்தால் மட்டும் போதாது, புத்தகமாகவும் அடித்துவிடலாம் என்று முடிவெடுத்தார். அவருக்கு வயது எழுபது. வேட்டி மடிப்புக் கலையாமல் நாள் முழுவதும் உட்காரத் தெரிந்த மனிதர். விவரம் சேகரிக்கும் வேலையைத் தம் சித்தப்பா மகள் செண்பகவடிவிடம் கொடுத்தார். அவள் நகராட்சி அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பதிவேட்டின் முன் முப்பத்து மூன்று ஆண்டுகள் உட்கார்ந்துவிட்டு அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தாள். மணம் செய்துகொள்ளவில்லை, ஆகவே தலைக்கட்டுக் கணக்கில் அவள் அரைகூட இல்லை, பூஜ்யம். அந்தப் பூஜ்யம் எட்டு மாதம் வீடு வீடாக ஏறி இறங்கி, ரேஷன் அட்டைகளையும் பழைய கல்யாணப் பத்திரிகைகளையும் கருமாதிக் கடிதங்களையும் புரட்டி, ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்த்து, நூற்றுப்பன்னிரண்டு ஆண்களையும் அறுபத்தொரு பெண்களையும் அவரவர் இடத்தில் அவரவர் பெயரோடு நிறுத்தியது.

“பட்டியல்ல எத்தன பேரோ அத்தன நாற்காலி சொல்லிரு” என்று உலகநாதன் சொல்லியிருந்தார். அவள் நூற்றெழுபத்து மூன்று சொன்னாள். உத்திரத்துக்கு முந்திய நாள், அச்சுப்படி அவரிடமிருந்து திரும்பி வந்தது. அறுபத்தொரு பெண்களின் பெயர்மேலும் அடிக்கோல் வைத்துச் சிவப்பு மையால் கோடு இழுத்திருந்தார். ஓரத்தில் எழுதியிருந்தார்: ‘தலைக்கட்டு மட்டும் போதும்.’ செண்பகவடிவு அதைப் படித்தாள், மடித்துப் பையில் வைத்தாள், அந்தோணிசாமிக்குப் போன் செய்து நாற்காலியைக் குறைக்கச் சொல்லவில்லை. மறந்துவிட்டாளா என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். அவள் எதையும் மறக்கிறவள் அல்லள்.

கூடுதல் நாற்காலிகளை மேடையில் இறக்கி வைத்து அப்படியே திருப்பி அனுப்புமாறு உலகநாதன் சொன்னார். அப்போதுதான் அவை நகர மறுத்தன.

“அண்ணாச்சி, பசை கிசை எதுவும் தடவிட்டியளா?” என்று அந்தோணிசாமி கேட்டார்.

லாரி டிரைவர் ஜாக்கி கொண்டுவந்து ஒரு நாற்காலியின் காலுக்கடியில் கொடுத்துத் திருகினான். மேடையின் தரைக்கல் விரிசல் விட்டது, நாற்காலி அசையவில்லை. சமையல்காரர் வந்து பார்த்துவிட்டு, மேடைமேல் காய்கறி நறுக்கலாமென்றிருந்தேன், இனி நாற்காலி மேலேயே வைத்து நறுக்கிக்கொள்கிறேன் என்று பூசணிக்காய்களை ஏற்றிவைத்தார். ஒருவரும் கூச்சலிடவில்லை, ஒருவரும் கும்பிடவில்லை. கொடிவழி வாசிப்பு தொடங்கியது.

வாசிப்பு பாதியில் இருந்தபோது பிரமு மேடை ஏறினாள். அவள் ஓர் அரைத் தலைக்கட்டு. மற்ற அரை அசையாமல் உட்கார்ந்துவிட்டதால் இரண்டு மணி நேரமாக நின்றுகொண்டிருந்தாள். ஒரு நாற்காலியிலிருந்து பூசணிக்காயை இறக்கி வைத்து, அதன் முதுகில் கையூன்றிக்கொண்டு, தனக்குத்தானே புலம்பினாள்: “சிதம்பரத்தம்மாள்னு எனக்கு ஒரு அத்தை இருந்தா. எங்கப்பாகூடப் பொறந்தவ. பள்ளிக்கூடத்துக்கு என்னையக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனதே அவதான். அவ பேரைக்கூடவா அடிச்சிட்டானுவ?”

நாற்காலி அவள் கையோடு வழுக்கிக்கொண்டு வந்தது. அவள் அதைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள்.

முதலில் பேசியவர் சமையல்காரர். “யம்மா, அதுபோல இன்னும் நாலு எடுத்துட்டியன்னா அண்டா வைக்க எடம் கெடைக்கும்.”

செண்பகவடிவு அச்சுப்படியோடு மேடை ஏறி, பதிவேட்டில் நாள் தவறாமல் வரிசை எண் போட்டவளுக்கே உரிய முறையில், ஒவ்வொன்றாகச் சோதித்தாள். பெயரை மட்டும் சொன்னால் நாற்காலி அசையவில்லை. உறவை மட்டும் சொன்னாலும் அசையவில்லை. பெயரைச் சொல்லி, அவள் எனக்கு இன்ன உறவு என்று நாற்காலியைத் தொட்டுக்கொண்டு சொன்னால் அது பழைய இரண்டரைக் கிலோவுக்குத் திரும்பியது. ஒரு முறை சொன்ன பெயர் இன்னொரு நாற்காலிக்குச் செல்லவில்லை. மண்டபக் காவல்காரர் பால்துரை ஆசைப்பட்டு ஒரு பெயரைச் சொல்லிப் பார்த்தார். அவர் வகையறா இல்லையாதலால் நாற்காலி அவரைச் சட்டை செய்யவில்லை.

அதன்பிறகு அந்த மண்டபத்தில், நூறாண்டுகளாக ஆண்களை எண்ணிக்கொண்டிருந்த ஒரு கூட்டம், பந்தி இரண்டு மணி நேரம் தள்ளிப்போவதைப் பொருட்படுத்தாமல், ‘அவ உனக்கு என்ன வேணும், எனக்கு என்ன வேணும்’ என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு அலைந்தது. சென்னையிலிருந்து வந்த வங்கி மேலாளர் தம் அம்மாவின் சித்தி பெயர் தெரியாமல் வெளியே போய்ப் போன் போட்டுக் கேட்டுவந்தார். மீசை முறுக்கிய ஏட்டு ஒருவர், ‘காந்திமதி, என்னை எடுத்து வளர்த்த பெரியம்மா’ என்று சொல்லி நாற்காலியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு இறக்க மனமின்றி மண்டபத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். செத்து அறுபதாண்டான ஒருத்தி அத்தை முறையா சின்னம்மை முறையா என்று இரண்டு வீட்டார் சண்டை பிடித்தார்கள், சண்டை தீர்ந்து சரியான முறையைச் சொல்லும்வரை அந்த நாற்காலியும் பொறுத்திருந்தது. அவரவர் மேடை ஓரத்திலிருந்து எடுத்துக்கொண்டே வந்தார்கள். மாலை நான்கு மணிக்கு மேடையில் இரண்டு நாற்காலிகள் மிஞ்சின.

உலகநாதன் அதுவரை முன்வரிசையில் முதல் நாற்காலியில் அசையாமல் இருந்தவர், எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மேடை ஏறினார். ஒரு நாற்காலியைத் தொட்டார்.

“செண்பகவடிவு. எங்க சித்தப்பா மக. என் தங்கச்சி” என்று எல்லோரும் கேட்கச் சொன்னார். நாற்காலியை ஒற்றைக் கையால் தூக்கி அவள் முன்னால் வைத்தார். கூட்டம் கைதட்டியது.

“ரொம்பச் சந்தோஷம்ணே” என்றாள் செண்பகவடிவு. “இன்னும் ஒண்ணு இருக்கு.”

“அது இருக்கட்டும்.”

“இருக்கத்தான் செய்யும். அது போகாது.”

மேடையின் நட்ட நடுவில் நின்ற அந்த நாற்காலி யாருடையது என்று நாற்பது வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் தெரியும். அதற்குக் கீழ்ப்பட்ட ஒருவருக்கும் தெரியாது. மேற்பட்டவர்கள் செருப்பைத் தேடினார்கள். கீழ்ப்பட்டவர்கள் செண்பகவடிவைப் பார்த்தார்கள். அவள் அச்சுப்படியை மடித்து, அறுபத்தொன்றாம் பெயரை வாசிக்காமல், பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன், செண்பகவடிவின் தங்கை ஆவுடைத்தங்கம், கோயில் கொடைக்கு மைக்செட் போட வந்த தேவசகாயத்தோடு போய்விட்டாள். சாதி வேறு, சாமி வேறு. சாஸ்தா கோயில் முன்னால் இருக்கிற குளத்துப் படித்துறையில் வகையறா கூடி, அவள் செத்துவிட்டதாகச் சொல்லித் தலைமுழுகியது. முதல் குடத்தை அவள் அப்பா தம் தலையில் ஊற்றிக்கொண்டார். இரண்டாவது குடம் உலகநாதனுடையது. மூன்றாவது குடம் செண்பகவடிவுடையது. அதற்குப் பிறகு அந்தப் பெயரை எந்த வாயும் சொல்லவில்லை. பிறந்த குழந்தைகளுக்குச் சொல்லித்தரவும் இல்லை.

நாற்காலியை மேடையிலேயே விட்டுவிட்டு எல்லோரும் ஊருக்குப் போனார்கள்.

சித்திரை பிறந்ததும் கல்யாணங்கள் வந்தன. மண்டப மேலாளர், ரசீதின் அடியில், ‘மேடையில் ஒரு நாற்காலி உண்டு, அகற்ற இயலாது’ என்று முத்திரை குத்திக் கொடுத்தார், கையெழுத்திட்ட எவரும் காரணம் கேட்கவில்லை. முதல் கல்யாணத்தார் அதன்மேல் பட்டுத்துணி போர்த்திப் பிள்ளையாரை வைத்தார்கள். இரண்டாம் கல்யாணத்தார் மணவறையைக் கோணலாகப் போட்டு, போட்டோவில் நேராகத் தெரியும்படி போட்டோக்காரரைக் கோணலாக நிறுத்தினார்கள். கண் சிகிச்சை முகாமில் எழுத்துப் பலகையை அதன்மேல் சாய்த்து வைத்தார்கள். பரதநாட்டிய அரங்கேற்றத்தில் ஒரு பெண் அதைச் சுற்றிச் சுற்றி ஆடினாள். நாற்காலியை ஆட்டத்தில் சேர்த்துக்கொண்ட புதுமையைத் தலைமை விருந்தினர் பாராட்டினார். கட்சிக் கூட்டத்தில் ஒன்றியச் செயலாளர் அதில் அமர்ந்து, யாராலும் தம்மிடமிருந்து இழுக்க முடியாத நாற்காலி வாழ்க்கையில் முதன்முறையாகக் கிடைத்த மகிழ்ச்சியில், மூன்று மணி நேரம் எழுந்திருக்க மறுத்தார். திங்கள்கிழமைதோறும் அந்தோணிசாமி ஈரத்துணியோடு வந்து அதைத் துடைத்துவிட்டுப் போனார். கடையில் சரக்குக் குறைகிறதே என்று கேட்டவர்களுக்கு, “ஒண்ணு மண்டபத்துல வேலைக்குப் போயிருக்கு” என்று பதில் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மதியங்களில், வேலை ஓய்ந்த நேரத்தில், வேறு வேறு வகையறாப் பெண்கள் இரண்டிரண்டு பேராக வந்து மேடைக்குக் கீழே நின்று அந்த நாற்காலியைப் பார்த்துவிட்டுப் போனார்கள். வீட்டுக்குப் போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தார்கள் என்றும், ஒரு பெயரைத் தேடினார்கள் என்றும் கேள்வி. அந்த ஆனியில் மூன்று வகையறாக்களின் கூட்டத்துக்கு, ‘நாற்காலி கொஞ்சம் கூடுதலாவே போட்டு அனுப்பும்’ என்று அந்தோணிசாமிக்குச் சொல்லப்பட்டிருந்தது. சொன்னது பெண் குரல்.

ஆனால் வைகாசி முதலில் வந்தது. வைகாசி பதினெட்டாம் தேதி அதே மேடையில் உலகநாதனின் கடைசி மகள் நிரஞ்சனாவுக்குக் கல்யாணம். வேறு மண்டபம் எதுவும் அந்த முகூர்த்தத்துக்குக் கிடைக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் கோவில்பட்டிக்காரர்கள். கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள். மேடை நடுவில் நிற்பது யாருடைய நாற்காலி என்று அவர்கள் கேட்டால் ஒன்று உறவு சொல்லவேண்டும், அல்லது பொய் சொல்லவேண்டும். பேனரின் உச்சியில் அந்தத் தராசு வாசகம் வேறு இருந்தது.

பத்து நாளுக்கு முன் உலகநாதன் செண்பகவடிவின் வீட்டுக்கு வந்தார். அவள் காப்பி கொடுத்தாள். அவர் ஆற்றினார், குடிக்கவில்லை.

“ஒரு வார்த்தை, செண்பகம். யாரும் இல்லாத நேரத்துல போயி, மெதுவா, உன் வாய்க்குள்ள சொல்லிட்டு வந்திரு. நாற்காலி நகந்திரும். யாருக்கும் தெரியப் போறதில்ல.”

“புத்தகத்துல?”

“புத்தகத்துல அறுபது பேரையும் சேக்கச் சொல்லியாச்சு. உன்னைத் தனித் தலைக்கட்டாப் போடச் சொல்லிருக்கேன். முழுத் தலைக்கட்டு! நம்ம வகையறால எந்தப் பொம்பளைக்கும் கெடைக்காதது.”

“அறுபத்தொண்ணுண்ணே.”

“சாஸ்தா முன்னால தலைமுழுகுனவளை மறுபடி எழுதச் சொல்லுதியா?”

“முழுகுனது நாமதான். அவ நனையவே இல்ல.”

உலகநாதன் டம்ளரைக் கீழே வைத்தார். “நீயும்தான முழுகுன? மூணாவது குடம் யாருது? இன்னைக்கு வந்து என்கிட்ட ஞாயம் பேசுத.”

“ஆமா. அதனாலதான் மெதுவாச் சொல்லமாட்டேன்.”

“என் மக கல்யாணம் நிக்கணும். அதான உனக்கு வேணும்?”

“கல்யாணம் ஏன் நிக்குது? நாற்காலிதான் நிக்கும். நீங்களும் சொல்லலாமே, உங்களுக்கும் அவ தங்கச்சிதான். நீங்க தொட்டாலும் நகரும்.”

அவர் எழுந்து போனார். போகிற வேகத்தில் துண்டை விட்டுவிட்டுப் போனார். செண்பகவடிவு அதை மடித்து, தெருமுனை வரை நடந்து, அவரிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

அவரிடம் சொல்லாத ஒன்று அவளிடம் இருந்தது. அந்த நாற்காலியை அவள் ஒருமுறைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டு, பெயர் சொல்லி, ‘என் தங்கச்சி’ என்று சொல்லியும் அது அசையாவிட்டால் என்ன செய்வது? மற்றவர்கள் மறந்ததைத்தானே நினைவுபடுத்திக்கொண்டார்கள். அவள் மறந்தவள் அல்லளே. தங்கை போன இரண்டாம் ஆண்டு, செண்பகவடிவு வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், எதிர்ச்சாரி அரசு ஆஸ்பத்திரியிலிருந்து பிறப்பு விவரத்தாள் ஒன்று வந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்னும் வழக்கத்தை ஆவுடைத்தங்கம் கைவிடவில்லை; தாய்வீடு கதவைத் திறக்காததால், தாய்வீடு இருந்த ஊரின் ஆஸ்பத்திரிக்கு வந்து பெற்றாள். தாய்: ஆவுடைத்தங்கம். தந்தை: தேவசகாயம். குழந்தை: பெண். முகவரி: உப்பாற்றுத் தெரு, தூத்துக்குடி. செண்பகவடிவு அடித்தல் திருத்தல் இல்லாமல் அதைப் பதிவேட்டில் எழுதினாள். அவள் மேசை ஜன்னலிலிருந்து பிரசவ வார்டின் வராந்தா தெரியும். மூன்று நாள் அந்த வராந்தாவில் ஒரு பச்சைச் சேலை காய்ந்தது. நான்காம் நாள் காயவில்லை. இடையில் இருந்த சாலையின் அகலம் இருபது அடி.

மறுநாள் மாலை நிரஞ்சனா வந்தாள். மதுரையில் பிசியோதெரபிஸ்ட், யார் எங்கே பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது அவள் தொழில்.

“அத்தே, எங்கப்பா மூணு நாளாச் சாப்பிடல. அந்த நாற்காலி யாருக்கு?”

“உனக்கு இன்னொரு அத்தை இருக்கா.”

“இருக்காவளா, இருந்தாவளா?”

“இருக்கா.”

நிரஞ்சனா சம்மணமிட்டு உட்கார்ந்து கன்னத்தில் கைவைத்தாள். “இருபத்தெட்டு வருசமா என்னைக் கேலி பண்ண ஒரு ஆள் கொறைஞ்சிருக்கு, எனக்கு யாரும் சொல்லல பாத்தீங்களா!”

செண்பகவடிவு எல்லாவற்றையும் சொன்னாள்; மூன்றாவது குடத்தையும், பச்சைச் சேலையையும், இருபது அடியையும் விடாமல் சொன்னாள். நிரஞ்சனா அழவில்லை. கைப்பையிலிருந்து தன் கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்து, உறையின்மேல் பேனாவை வைத்துக்கொண்டு, “அந்த முகவரியைச் சொல்லுங்க” என்றாள்.

“முப்பத்து மூணு வருசத்து முகவரி.”

“தெரு எங்கயும் போயிருக்காது, சொல்லுங்க.”

வைகாசி பதினெட்டு. முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. எட்டேகால் மணிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. நாதஸ்வரக்காரர்கள் ஒரு கீர்த்தனையை மூன்றாம் தடவையாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். மணவறைச் சட்டங்கள் மேடையோரத்தில் சாய்ந்திருந்தன. நடுவில் நீல நாற்காலி நின்றது. மாப்பிள்ளையின் தாயார் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார், அவர் கூரையைப் பார்த்தார். நிரஞ்சனா அலங்காரத்தோடு மணமகள் அறை வாசலில் வந்து நின்று, “மணவறை நடுவுலதான் இருக்கணும், கோணலா உக்கார மாட்டேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

உலகநாதன் செண்பகவடிவிடம் வந்தார். அன்று அவர் குரலில் அதிகாரம் இல்லை. “சொல்லிரும்மா.”

செண்பகவடிவு மேடை ஏறினாள். பையைத் தோளில் மாட்டியிருந்தாள். நாதஸ்வரத்தைக் கையமர்த்திவிட்டு மைக்கை வாங்கினாள். இடது கையை நாற்காலியின் முதுகில் வைத்தாள். பிளாஸ்டிக் குளிர்ந்திருந்தது.

“ஆவுடைத்தங்கம். என் தங்கச்சி.”

முப்பத்தைந்து ஆண்டு சொல்லப்படாத பெயர் நான்கு ஒலிபெருக்கிகளில் ஒரே நேரத்தில் கேட்டது. முன்வரிசையில் இருவர் காதைப் பொத்தினார்கள். செண்பகவடிவு நாற்காலியை இழுத்தாள்.

அது அசையவில்லை.

 சமையல்கட்டில் ஒரு கரண்டி விழுந்தது. உலகநாதனின் முகத்தில், அவரே விரும்பாத ஓர் ஆறுதல் தோன்றியது. செண்பகவடிவு கையை எடுக்கவில்லை.

“தலைமுழுகினபோது மூணாவது குடம் என்னுது” என்று மைக்கில் சொன்னாள். “யாரும் என்னைப் பிடிச்சுத் தள்ளல. நானேதான் மோந்தேன், நானேதான் ஊத்துனேன். அப்புறம் அவ இந்த ஊருக்கு வந்து புள்ள பெத்தா. எழுதுனது நான். எதிர்த்த கட்டடத்துல மூணு நாள் இருந்தா, நான் ரோட்டைத் தாண்டல. நாலாவது நாள் தாண்டலாம்னு நெனைச்சேன், அதுக்குள்ள போயிட்டா. ஆவுடைத்தங்கம் என் தங்கச்சி. அவளுக்கு நான் என்ன வேணும்னு அவதான் சொல்லணும்.”

கைக்குள் நாற்காலி லேசாயிற்று. இழுக்காமலே ஒரு விரற்கடை நகர்ந்தது.

உடனே நாலு பேர் மேடையை நோக்கி ஓடிவந்தார்கள், தூக்கி ஓரமாகப் போட. செண்பகவடிவு மைக்கை இறக்காமல் சொன்னாள்: “நேத்துவரை கனமா இருந்துச்சு, யாராலயும் தூக்க முடியல. இப்ப ரெண்டரைக் கிலோதான். தூக்க நினைக்கிறவுக, அவ உங்களுக்கு என்ன வேணும்னு இந்த மைக்குல சொல்லிட்டுத் தூக்குங்க.”

ஓடிவந்த நாலு பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

“அப்ப நானே தூக்கிக்கிடுதேன்” என்று ஒரு குரல் மண்டபத்தின் கடைசியிலிருந்து கேட்டது.

சற்றுப் பருத்த பெண்மணி, நரைத்த கொண்டை, கையில் ஒரு கல்யாணப் பத்திரிகை. பின்னால், செண்பகவடிவின் மூக்கோடு முப்பத்து மூன்று வயதுப் பெண் ஒருத்தியும், கையில் வயர்க்கூடையோடு வயதான தேவசகாயமும் வந்தார்கள். தேவசகாயம் நடக்கும்போதே ஒலிபெருக்கியைப் பார்த்துவிட்டு, “இரைச்சல் கூடுதலா இருக்கு” என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். ஆவுடைத்தங்கம் ஜமுக்காளத்தைத் தாண்டி, வரிசைகளுக்கு நடுவே, யாருக்கும் வழிவிடாமல், யாரிடமும் வழி கேட்காமல் மேடை ஏறினாள். அக்காவை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏக்கா, அன்னைக்கு மத்தியானம் எனக்கு அப்படிக் குளிரெடுத்துச்சு. யாருடா ஊத்துதான்னு பாத்தேன். நீதானா?”

 செண்பகவடிவு ஆமென்று தலையசைத்தாள்.

“பச்சைச் சேலையை நீ பாக்கணும்னுதான் அங்க காயப்போட்டேன்” என்றாள் ஆவுடைத்தங்கம். பிறகு நாற்காலியை ஒற்றைக் கையால் தூக்கி, நடுவிலிருந்து இரண்டு முழம் வலப்பக்கம் வைத்து, சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். “மணவறையைப் போடுங்கய்யா, நேரமாவுதுல்லா!”

செண்பகவடிவு பையைத் திறந்து அச்சுப்படியை எடுத்தாள். சிவப்புக் கோட்டின்மேல், அப்பாவின் பெயருக்குக் கீழே, தன் பெயருக்கு அடுத்து, நீல மையில் ஆவுடைத்தங்கம் என்று எழுதினாள். கணவர் தேவசகாயம் என்று எழுதினாள். “மக பேரு என்னட்டி?” என்று கேட்டாள். “செண்பகம்” என்றாள் தங்கை, வேறு பக்கம் பார்த்துக்கொண்டே. அதை எழுதும்போது மட்டும் செண்பகவடிவின் எழுத்துக் கோணிற்று.

உலகநாதன் மேடை ஏறிவந்தார். தாளை அவள் கையிலிருந்து வாங்கினார். சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, எல்லோரும் பார்க்க, தம் பெயரின்மேல் தாமே கோடு இழுத்தார். அடிக்கோல் இல்லாததால் கோடு வளைந்தது.

“இவ பேரு இருக்க புத்தகத்துல என் பேரு வேண்டாம்.”

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கினார். கல்யாணத்தை அவர் கெடுக்கவில்லை. மகளைத் தாரைவார்க்கும் நேரத்துக்கு மேடையேறி, நின்றபடியே நீர்வார்த்து, இறங்கி வாசலுக்குப் போய்விட்டார். முன்வரிசையில் அவருக்கென்று துண்டு போட்டு வைத்திருந்த முதல் நாற்காலி காலியாகவே இருந்தது. சந்தனக் கிண்ணத்தின் அருகில் அவர் பகல் முழுவதும் நின்று வந்தவர்களை வரவேற்றார், போனவர்களை வழியனுப்பினார், உட்காரவில்லை. தாலி ஏறியதும் நிரஞ்சனா குனிந்து முதலில் தொட்டது வலப்பக்கத்து நீல நாற்காலிக்காரியின் காலை, “என்னட்டி, இந்த மாப்பிள்ளைக்கு வேற பொண்ணே கெடைக்கலையா?” என்று அந்த அத்தை கேட்டாள், மாப்பிள்ளையின் தாயார் உட்பட மேடையே சிரித்தது.

மாலை ஐந்து மணிக்கு அந்தோணிசாமி லாரியோடு வந்தார். மேடையிலிருந்து நீல நாற்காலியை இரண்டு மாதத்துக்குப் பிறகு கையில் தூக்கிப் பார்த்து, திருப்திப்பட்டு, அடுக்கின் உச்சியில் வைத்தார். மற்றவற்றை ஆள்கள் அள்ளிப்போட்டார்கள். முன்வரிசையில் முதல் நாற்காலிக்கு வந்ததும் ஒருவன் குனிந்தவன் நிமிரவில்லை. இன்னொருவன் வந்தான். நான்கு பேர் சேர்ந்து தம் கட்டினார்கள்.

அந்தோணிசாமி மண்டையைச் சொறிந்தார். “இந்த வகையறாவுக்கு இனி நாற்காலி குடுக்கவே கூடாதுய்யா.”

நிரஞ்சனா, கழுத்து மாலையோடு, நாற்காலியின் அருகில் வந்தாள். வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு, வீங்கிய காலை மாற்றி மாற்றி ஊன்றி நின்ற அப்பாவைப் பார்த்தாள். நாற்காலியின்மேல் கைவைத்து, “உலகநாதன், எங்க…” என்று தொடங்கினாள்.

ஆவுடைத்தங்கம் அவள் வாயைப் பொத்தினாள்.

“இரு. உங்கப்பனை நீ சொல்லக்கூடாது, நான்தான் சொல்லணும்” என்றாள். வாசலில் நிற்பவர் காதில் விழுகிற அளவுக்குக் குரலை உயர்த்திக்கொண்டாள். “எனக்கு அண்ணன்தான், இல்லைன்னா சொல்லுதேன்? நாளைக்கு வந்து சொல்லுதேன். இன்னைக்கு ஒரு நாள் கெடக்கட்டும்.”

தேவசகாயம் வயர்க்கூடையைத் தூக்கினார். செண்பகவடிவு தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு மண்டபத்து வாசற்படி இறங்கி, இருபுறமும் வண்டி வருகிறதா என்று பார்த்து, சாலையைத் தாண்டினாள்.